கேமராவுக்குக் கறுப்பு எடுக்காது என்று இனிச் சொல்லாதீர்கள்

தமிழ்த் தொலைக்காட்சி சேனல்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள், நெடுந்தொடர்த் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள் அனைவருக்கும்,

கறுப்பாகப் பிறந்ததால் அவமானப்படும் ஒரு பெண்ணின் கதை என்று மறுபடியும் ஒரு தொடருக்குப் புரோமோ ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணாக நடிப்பவர் வெளிர் நிறத்தவர். அவர் முகத்திலும் கழுத்திலும் கையிலும் கறுப்புப் பூசியிருக்கிறீர்கள். குனிந்து கோலம் போடும் காட்சியில் படத்தை நிறுத்திப் பார்த்தால் வகிட்டில் அவருடைய சொந்தத் தோல் தெரிகிறது. இப்படி நடப்பது முதல் தடவை அல்ல. இந்த முறையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஏன் ஒரு கறுப்புப் பெண்ணையே நடிக்க வைக்கக் கூடாது என்று கேட்டால் உங்கள் தரப்பிலிருந்து வருவது ஒரே பதில்தான். "கேமராவுக்கு எடுக்காது." "லைட் வாங்காது." "ஸ்கிரீன்ல டல்லடிக்கும்." இந்த மடலை எழுதுபவர்கள் உங்கள் தொடர்களைப் பார்ப்பவர்கள். எங்களில் மேக்கப் வேலை தெரிந்தவர்கள் உண்டு, லைட்டும் கேமராவும் கலர் கிரேடிங்கும் (எடுத்த படத்தின் நிறத்தைக் கணினியில் சரிசெய்யும் வேலை) தெரிந்தவர்களும் உண்டு. ஆகவே உங்கள் பதிலைத் தொழிலை வைத்தே மறுக்கிறோம்.

பூச்சிலிருந்து தொடங்குவோம். வெளிர் நிற உடலைக் கறுப்பாகக் காட்ட, அவருடைய நிறத்திலிருந்து நான்கைந்து ஷேடு இறங்கிய கிரீம் ஃபவுண்டேஷனையோ பான்கேக்கையோ ஸ்பாஞ்சில் எடுத்துப் பூச வேண்டும். முகம் மட்டும் போதாது. காது மடல், காதின் பின்புறம், பிடரி, தொண்டை, ரவிக்கை மறைக்காத முதுகு, இடுப்பு, இரண்டு கைகள், பாதம் எல்லாவற்றுக்கும் பூச வேண்டும். பிறகு பவுடர் போட்டு அமுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை இது. நாளொன்றுக்கு ஒரு எபிசோடு போகும் தொடரில் அந்த நேரத்தை யாரும் தருவதில்லை. முகத்துக்கும் முன்னங்கைக்கும் பூசி ஷாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கேமரா சற்றுப் பக்கவாட்டில் போனதும் காதுக்குப் பின்னால் வெளுப்பு, கை தூக்கியதும் அக்குள் பக்கம் வெளுப்பு.

நேரம் கொடுத்துப் பூசினாலும் சரியாக வராது. கறுப்புத் தோல் என்பது ஒரே நிறம் கிடையாது. நெற்றியும் வாயோரமும் கன்னத்தைவிடக் கருமையாக இருக்கும். விரல் முட்டி, முழங்கை, கண்ணிமை அதைவிடக் கருமை. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிர். மேலுதடு ஒரு நிறம், கீழுதட்டின் உட்புறம் இன்னொரு நிறம். பூசப்பட்ட உடலில் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது போல ஒரே நிறம் தலை முதல் கால் வரை.

அதைவிடப் பெரிய பிழை மினுமினுப்பில் நடக்கிறது. வெளிர் தோல், தன்மேல் விழும் ஒளியில் நிறையப் பங்கை உள்ளே வாங்கிச் சிதறடித்துத் திருப்பித் தருகிறது. கறுப்புத் தோலில் அந்தச் சிதறல் குறைவு. அதன் வடிவத்தைக் கேமராவுக்குக் காட்டிக் கொடுப்பது மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு: கன்ன எலும்பில், மூக்குத் தண்டில், நெற்றி மேட்டில், தோள்பட்டையில் ஓடும் அந்த ஒளிக்கீற்று. பான்கேக்கும் பவுடரும் முதலில் அணைப்பது அதைத்தான். அதனால்தான் பூசிய முகம் கறுப்பாகத் தெரியாமல் சாம்பல் பூத்து, மண் அப்பியது போலத் தட்டையாகத் தெரிகிறது. அந்த முகத்தை மானிட்டரில் பார்த்துவிட்டு, கறுப்பு எடுபடவில்லை என்று முடிவு கட்டுகிறீர்கள். எடுபடாமல் போனது பூச்சு.

சென்னை வெயிலில் வியர்வை வேறு. மேலுதடும் நெற்றியும் முதலில் கரையும். அழுகைக் காட்சி இல்லாத தொடர் நம்மிடம் இல்லை. கண்ணீர் இறங்கிய தடத்தில் கோடு விழும், துடைத்தால் திட்டாகும். தாலிக்கயிறு உரசும் இடம் வெளுக்கும். ரவிக்கையின் கழுத்தோரம் கறை படியும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடையே டச்சப் பையன் பவுடரை அமுக்கிக்கொண்டே இருந்தால், காலையில் செம்பழுப்பாக இருந்த முகம் மாலையில் சாம்பல் பழுப்பாகியிருக்கும். ஒரு எபிசோடின் காட்சிகள் ஒரே நாளில் எடுக்கப்படுவதில்லை என்பதால், சமையலறையில் ஒரு நிறம், கூடத்துக்கு வந்ததும் இன்னொரு நிறம். நாள் போகப் போகப் பூச்சு மெலிகிறது. நூறு எபிசோடு தாண்டுவதற்குள் கதாநாயகி மாநிறத்துக்கு வந்துவிடுகிறாள். மாமியாரின் வசனத்தில் மட்டும் "கருவாச்சி" மாறாமல் இருக்கிறது. இடையில் ஒரு கனவுப் பாட்டோ, "மேக்கோவர்" எபிசோடோ வைத்து, பூச்சைக் கழுவி அவரை அவருடைய சொந்த நிறத்தில் காட்டி, பார்த்தீர்களா எவ்வளவு அழகு என்று பின்னணி இசை போடுகிறீர்கள். கறுப்பாகப் பிறந்த ஒரு பெண்குழந்தை வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறது. கழுவினால் போகிற அழுக்கு என்றுதானே அந்தக் குழந்தைக்குச் சொல்கிறோம்? அதை நினைத்தால் எங்களுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அடுத்தது லைட். உங்கள் ஷூட்டிங் வீடுகளில் சுவர் பெரும்பாலும் வெள்ளை அல்லது கிரீம். மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். எந்தக் கோணத்திலும் நிழல் விழக் கூடாது என்று மேலே எல்.இ.டி. பேனல்களை வரிசையாக வைத்து, அறை முழுவதும் ஒரே அளவுக்கு ஒளி நிரப்பிவிடுகிறீர்கள். ஐரிஸ், அதாவது கேமராவுக்குள் போகும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் துவாரம், அங்கே நிற்பவர்களில் மிக வெளுத்த நடிகருக்கு வைக்கப்படுகிறது. பிறகு ஒரு கறுப்பு முகம் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். எக்ஸ்போஷருக்கு, அதாவது படத்தின் வெளிச்ச அளவுக்கு, அடிப்படையாகக் கொள்ளும் சாம்பல் அட்டை 18 சதவீத ஒளியைத் திருப்பித் தருகிறது. ஒளி இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் மேலே, பாதியானால் ஒரு ஸ்டாப் கீழே என்பது கணக்கு. வெளிர் தோல் சுமார் 36 சதவீதம், அதாவது ஒரு ஸ்டாப் மேலே. நல்ல கறுப்புத் தோல் சுமார் 9 சதவீதம், ஒரு ஸ்டாப் கீழே. ஆக இரண்டு முகங்களுக்கும் இடையே வித்தியாசம் இரண்டு ஸ்டாப். வெள்ளைச் சுவர் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் தருவதால், கறுப்பு முகத்துக்கும் சுவருக்கும் மூன்று ஸ்டாப்புக்கு மேல். இன்றைய டிஜிட்டல் சினிமா கேமராக்கள் 13, 14 ஸ்டாப் வரை தாங்குகின்றன. இரண்டு ஸ்டாப் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முகத்தைத் தின்பது சுவரும், தட்டையான லைட்டும், தவறாக வைத்த ஐரிஸும்.

இதைச் சரிசெய்ய என்ன வேண்டும்? சுவரை மங்கிய பச்சை, காவி, செங்கல் நிறம், ஆழ்ந்த நீலம் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு மாற்றுங்கள். வாடகை வீடு, பெயின்ட் அடிக்க முடியாது என்றால் திரைச்சீலையும் அலமாரியும் போதும். பின்னணி, முகத்தைவிட ஒரு ஸ்டாப்பாவது இறங்கி இருக்க வேண்டும். நடிகரைச் சுவரிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் நிறுத்துங்கள். சுவரின் லைட்டையும் முகத்தின் லைட்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த அப்போதுதான் முடியும். முக்கிய லைட்டை நேர் முன்னாலோ உச்சியிலோ வைக்காமல் பக்கவாட்டுக்குக் கொண்டு வாருங்கள். அது சிறிய, கூரான லைட்டாக இருக்கக் கூடாது, அகலமாக இருக்க வேண்டும். நான்குக்கு நான்கு அடி ஃபிரேமில் வெள்ளைத் துணி கட்டி அதன் வழியாக விட்டால், அந்த வெள்ளைப் பரப்பே கன்ன எலும்பில் நீளமான பிரதிபலிப்பாக விழும். கறுப்பு முகத்துக்கு உருவம் கொடுப்பது அதுதான். கூரான லைட் வைத்தால் நெற்றியில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி விழும், மற்ற இடம் இருண்டுவிடும். ஒளியைத் திருப்பி முகத்தில் விழ வைக்க எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல். நம் லைட்மேன்களுக்குத் தெர்மாகோலை எங்கே பிடிக்க வேண்டும் என்று யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை, கேட்டால் போதும்.

கறுப்பும் வெளுப்பும் ஒரே ஃபிரேமில் நிற்கும்போதுதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முக்கிய லைட் இருக்கும் பக்கத்தைக் கறுப்பு நடிகருக்குக் கொடுங்கள். வெளிர் நடிகர் பக்கம் லைட்டில் ஒளியைக் குறைக்கும் வலையான ஒரு நெட் போட்டு அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறையுங்கள். நெட் இல்லையென்றால் தூரத்தை வைத்தே சமாளிக்கலாம். லைட்டிலிருந்து நான்கடியில் நிற்பவரை ஐந்தரை அடிக்குச் சற்று மேல் நகர்த்தினால் ஏறத்தாழ ஒரு ஸ்டாப் குறையும். துணி கட்டிய பெரிய லைட் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும். இதற்குக் கூடுதல் சாமான் எதுவும் தேவையில்லை, நடிகர்கள் எங்கே நிற்பது என்று தீர்மானிக்கும் பிளாக்கிங் செய்யும்போது யோசித்தால் போதும்.

படத்தின் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளந்து காட்டும் வேவ்ஃபார்ம் மானிட்டரைப் பார்த்து எக்ஸ்போஸ் செய்யுங்கள். குறிப்பிட்ட வெளிச்ச அளவைத் தொட்ட இடத்தில் கோடு காட்டும் ஸீப்ராவை எல்லா முகத்துக்கும் 70இல் வைப்பது பெரும் தவறு. கறுப்பு முகம் 70ஐத் தொடும்வரை ஐரிஸைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவரின் வேட்டியும் சுவரும் விவரமே இல்லாமல் வெளுத்துவிடும். உடனே ஐரிஸை மூடுவார்கள், முகம் அடியில் போய் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) ஏறும், கடைசியில் பழி தோலுக்கு. கறுப்பு முகம் 40க்கும் 50க்கும் இடையே உட்கார்ந்து, கன்ன மேட்டின் பளபளப்பு 60ஐத் தொட்டால் அது சரியான எக்ஸ்போஷர். அதற்கும் கீழே விடக் கூடாது, ஏனென்றால் ஒளிபரப்பில் பிட்ரேட், அதாவது படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவு, சுருங்கும்போது இருண்ட பகுதிதான் கட்டம் கட்டமாக உடையும். கேபிளில் பார்க்கும் வீடுகளில் அந்த முகத்தில் கண்ணும் மூக்கும் கலைந்துபோகும்.

கலர் கிரேடிங்கில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். நிறத்தையும் செறிவையும் வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் மனிதத் தோல் எந்த நிறமானாலும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஓடும் ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். வெளுப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் வெளிச்சத்திலும் செறிவிலும் மட்டுமே. இது கிரேடிங் மேசையில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்தது. இருந்தும் "பிரைட்டா வேணும்" என்று சொல்லி மிட்டோனை (நடுத்தர வெளிச்சப் பகுதியை) மொத்தமாகத் தூக்குகிறீர்கள். தூக்கும்போது செறிவு குறைந்து, கறுப்புத் தோல் அந்தக் கோட்டிலிருந்து உள்ளே சுருங்கிச் சாம்பலாகிறது. அதன்மேல் தோலை வழவழப்பாக்கும் ஃபில்டர். போஸ்டருக்கும் தம்ப்நெயிலுக்கும் முகத்தை மட்டும் தேர்வு செய்து இன்னும் இரண்டு படி வெளுக்க வைக்கிறீர்கள். ஒரே நடிகை தொடரில் ஒரு நிறம், பேனரில் வேறு நிறம்.

கறுப்பாகவே இருக்கும் நடிகர்களுக்கு மேக்கப் போடும் விதமும் மாற வேண்டும். இப்போது பெட்டியில் இருப்பதில் மிகக் கருமையான ஷேடே அவர்கள் நிறத்தைவிட இரண்டு படி வெளிர். அதைப் பூசினால் முகம் சாம்பலாகவும் கழுத்து சொந்த நிறத்திலும் நிற்கும். ஷேடை மணிக்கட்டில் பார்க்கக் கூடாது. தாடையோரத்தில் மூன்று கோடு இழுத்து, ஷூட்டிங் லைட்டுக்குக் கீழே பார்த்து, எது மறைந்துபோகிறதோ அதை எடுக்க வேண்டும். ஒரே ஷேடு போதாது, கன்னத்துக்கு ஒன்று, நெற்றிக்கும் வாயோரத்துக்கும் அதைவிட இறங்கிய ஒன்று. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் வெளிர் கன்சீலரை நேராக வைக்காதீர்கள், நீலம் பூத்ததுபோல் ஆகிவிடும். முதலில் ஆரஞ்சு சாயலுள்ள கரெக்டரை மெல்லியதாக வைத்து, அதன்மேல் தோல் நிறம். வெள்ளைப் பவுடர் வேண்டவே வேண்டாம். வியர்வையை டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும், அடுக்கடுக்காகப் பவுடர் போட்டால் பளபளப்பு செத்துவிடும்.

ஃபிலிம் காலத்தில் இந்தச் சாக்குக்குக் கொஞ்சம் ஆதாரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். கலர் ஃபிலிமின் வண்ணச் சமநிலையை லேப்கள் சரிபார்த்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையை வைத்து. ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். கறுப்பு முகங்கள் அதில் இருளாகப் போவது பற்றி கோடாக் நிறுவனம் நெடுங்காலம் அலட்டிக்கொள்ளவில்லை. சாக்லேட் விற்பவர்களும் மர நாற்காலி, மேசை விற்பவர்களும் எங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே மாற்றத்துக்கு உந்துதல் வந்தது. மனிதர்கள் கேட்டு நடக்காதது சரக்குக்காக நடந்தது. ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. உங்கள் கையில் இருப்பது டிஜிட்டல் சென்சார்.

அந்தக் குறையுள்ள ஃபிலிமிலேயே செய்து காட்டியவர்களும் இங்கே இருந்தார்கள். பாலு மகேந்திரா தானே கேமரா பிடித்து, இருக்கும் ஒளியை வைத்து 'வீடு' படத்தில் அர்ச்சனாவைக் காட்டினார். அந்த நடிப்புக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. தங்கர் பச்சான் இயக்கி ஒளிப்பதிவும் செய்த 'அழகி' 2002இல் வந்தது. நந்திதா தாஸின் முகத்தைத் தமிழ்நாடு கொண்டாடியது. ஃபிலிம் காலத்துக்குப் பிறகு, 2015இல் 'காக்கா முட்டை'யை இயக்கிய மணிகண்டன்தான் அதன் ஒளிப்பதிவாளரும். மூவரும் கேமராவைத் தாங்களே கையில் எடுத்த இயக்குநர்கள் என்பதைக் கவனியுங்கள். கறுப்பு எடுக்காது என்ற பேச்சு வியூஃபைண்டரில் கண் வைத்தவர்களிடமிருந்து வந்ததாகத் தெரியவில்லை; நடிகர் தேர்வு நடக்கும் அறையிலிருந்து வருகிறது. தொலைக்காட்சியில் நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2021இல் சன் டிவியில் தொடங்கிய 'சுந்தரி'யில் கேப்ரியல்லா செல்லஸ் தன் சொந்த நிறத்தோடு நாயகியாக வந்தார், மக்கள் பார்த்தார்கள்.

இன்னொரு சான்று உங்கள் ஃபிரேமிலேயே நிற்கிறது. ரஜினிகாந்த் கறுப்பு. விஜயகாந்தைக் "கறுப்பு எம்.ஜி.ஆர்" என்றே அழைத்தார்கள். முரளி கறுப்பு. இவர்களைக் காட்ட எந்தக் கேமராவும் மறுத்ததில்லை. பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு மட்டும் அதே லைட்டில், அதே லென்ஸில் கறுப்பு எடுபடாமல் போனதற்குத் தொழில்நுட்பத்தில் விளக்கம் கிடையாது. 2007இல் வந்த 'சிவாஜி'யில் இரண்டு பெண்களுக்குக் கறுப்புப் பூசி, பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவை என்பதையே அவர்களுக்கு வைத்து, பார்ப்பவர்களைச் சிரிக்கச் சொன்னார்கள். அதே படத்தில் ஒரு பாட்டுக்காக நாயகனின் தோலை, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோலைப் படம்பிடித்து அதன் நிறத்தைக் கொண்டு கணினியில் வெளுக்க வைத்தார்கள். பெண்ணைக் கறுப்பாக்கினால் நகைச்சுவை, ஆணை வெளுப்பாக்கினால் சாதனை.

"கலர்" என்ற சொல்லையே நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் பாருங்கள். "பொண்ணு நல்ல கலர்" என்றால் சிவப்பு என்று பொருள். கறுப்பு ஒரு நிறமாகவே கணக்கில் வரவில்லை. நடிகர் தேவை என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அறிவிப்புகளிலும் "ஃபேர், ஹோம்லி" என்ற இரண்டு சொற்கள் தவறாமல் இருக்கின்றன. கறுப்பாக இருப்பவர்களுக்கு வீட்டு வேலைக்காரி, மீன் விற்பவர், அடியாள், வடசென்னைப் பையன் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். டாக்டர், கலெக்டர், ஐ.டி. கம்பெனி மேனேஜர் என்றால் வெளுப்பு. நிறத்தோடு தொழிலையும் வர்க்கத்தையும் சாதியையும் இப்படிக் கட்டிப்போடுவதைத் தற்செயல் என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆப்பிரிக்கர் ஒருவர் வந்தால் பெரும்பாலும் போதைப்பொருள் விற்பவர், பாட்டில் பின்னால் ஆட வெள்ளைக்காரப் பெண்கள் என்பதும் இதே பார்வையின் நீட்சிதான். அதை விரித்து எழுத இன்னொரு மடல் வேண்டும்.

இதில் ஒரு முரண்பாட்டை உங்கள் சட்டப் பிரிவே கவனித்திருக்க வேண்டும். தோலை வெளுக்க வைக்கும் பொருள்களின் விளம்பரங்களுக்காக 2014இல் இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் நெறிமுறைகள் வகுத்தது. கறுப்புத் தோல் உள்ளவரை அழகற்றவராக, மகிழ்ச்சியற்றவராக, மனம் உடைந்தவராகக் காட்டக் கூடாது. கறுப்பை எந்தப் பொருளாதார அடுக்கோடும், சாதியோடும், சமூகத்தோடும், தொழிலோடும் சேர்த்துக் காட்டக் கூடாது. 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்தது. ஆக, உங்கள் தொடருக்கு நடுவே வரும் அரை நிமிட விளம்பரம் செய்யக் கூடாது என்று வகுத்ததை, விளம்பரத்துக்கு முன்னும் பின்னும் இருபது நிமிடங்களுக்கு நீங்கள் செய்கிறீர்கள். கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994இன் நிகழ்ச்சி நெறிமுறையும் பெண்களை இழிவுபடுத்தும் சித்திரிப்பையும், இன, மொழி, வட்டாரக் குழுக்களை ஏளனமாகக் காட்டுவதையும் தடுக்கிறது.

நிறத்தால் வரும் அவமானத்தைக் கண்டிக்கத்தானே கதை எழுதுகிறோம் என்பீர்கள். உங்கள் நோக்கத்தை நாங்கள் சந்தேகிக்கவில்லை. கறுப்புப் பெண்ணை ஒதுக்குவது தவறு என்று வசனம் எழுதிவிட்டு, அந்தப் பாத்திரத்திலிருந்தே கறுப்புப் பெண்ணை ஒதுக்கினால், கதை சொன்னதை நடிகர் தேர்வு அழித்துவிடுகிறது. ஒரு நெடுந்தொடரின் நாயகி வாய்ப்பு என்பது இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கான மாதச் சம்பளம். கறுப்பு நடிகைக்கு வெளுப்பான பாத்திரம் ஒருபோதும் கிடைப்பதில்லை. கறுப்பான பாத்திரத்தையும் பறித்துவிட்டால் அவர் எங்கே போவார்?

எனவே நாங்கள் கேட்பவை இவை.

இனித் தொடங்கும் எந்தத் தொடரிலும், கறுப்பு என்று எழுதப்பட்ட பாத்திரத்துக்கு யாருக்கும் நிறம் பூசாதீர்கள். அந்த நிறத்தவரையே தேடி எடுங்கள். இதைத் தயாரிப்பு நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்திலேயே சேனல் எழுத வேண்டும். நடிகர் தேர்வு அறிவிப்புகளிலிருந்து "ஃபேர்", "நல்ல கலர்" போன்ற சொற்களை நீக்குங்கள். டாக்டருக்கும் ஆசிரியைக்கும் பணக்கார வீட்டு மருமகளுக்கும் நிறம் குறிப்பிடாமல் ஆள் எடுங்கள்.

படப்பிடிப்பு தொடங்கும் முன் அரை நாள் ஒதுக்கி, அந்த வீட்டில், அந்த லைட்டில், ஒவ்வொரு முதன்மை நடிகரையும் சாம்பல் அட்டையோடும் கலர் சார்ட்டோடும் கேமரா டெஸ்ட் எடுங்கள். பூச்சு இல்லாமல் ஒன்று, அவருடைய நிறத்துக்கேற்ற மேக்கப்போடு ஒன்று, வெளிர் நடிகரோடு சேர்ந்து நிற்க வைத்து ஒன்று. கறுப்பு நடிகரைக் கேமரா காரணம் சொல்லி நிராகரிக்கும் முன் இந்த மூன்றையும் ஒளிப்பதிவாளர் பார்த்திருக்க வேண்டும். மேக்கப் பட்ஜெட்டில் கரும்பழுப்புப் பக்கம் குறைந்தது ஆறு ஷேடு வாங்கப் பணம் ஒதுக்குங்கள், அதைக் கலைஞர் தன் கைக்காசில் வாங்கும் நிலை வேண்டாம்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களில் நடிகையை மாற்றும்படி கேட்கவில்லை. அவருடைய வேலையைப் பறிப்பது எங்கள் நோக்கம் அல்ல. பூச்சை நிறுத்திவிட்டு அவரை அவர் நிறத்திலேயே நடிக்க விடுங்கள். கதையின் மற்ற முடிச்சுகள் அதனால் அறுந்துவிடாது. வெளுத்ததும் அழகாகிவிடும் "மேக்கோவர்" எபிசோடை எடுக்காதீர்கள். எடுத்திருந்தால் மறுஒளிபரப்பிலிருந்தும் யூடியூப் துண்டுகளிலிருந்தும் நீக்குங்கள். "கருவாச்சி", "இருட்டுல சிரிச்சாத்தான் தெரியும்" போன்ற வசனங்கள் சிரிப்புக்காக வைக்கப்பட்டிருந்தால் வெட்டுங்கள். போஸ்டரிலும் புரோமோவிலும் முகத்தை வெளுக்க வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

2021இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, பார்வையாளர் புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் ஒளிபரப்பாளர் ஒப்புகை தர வேண்டும், 15 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இந்த மடலில் சொன்ன காட்சிகளை எபிசோடு, தேதி, நிமிடம் குறித்துத் தொகுத்து, ஒவ்வொரு சேனலின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் தனித்தனியாக அனுப்புகிறோம். பதில் எழுத்தில் வேண்டும். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து, எதை ஏற்கவில்லை, ஏன் என்று. பதிலில் கேமராவைக் காரணம் காட்டுவதாக இருந்தால், கேமரா டெஸ்ட் காட்சிகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களைத் தினமும் பார்க்கும், இந்தத் தொழில் தெரிந்த பார்வையாளர்கள்